கண்ணாடிக் கோபுரங்களில் குடியிருப்போர் யார்?

கொச்சி காக்கநாட்டில் 2025 ஜூன் 28 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்துவைத்த லுலு இரட்டைக் கோபுரங்கள் 30 மாடிகளும் 152 மீட்டர் உயரமும் கொண்டவை. பரப்பு ஏறத்தாழ 35 இலட்சம் சதுர அடி. செலவு 1,500 கோடி ரூபாய். 30,000 பேர் பணியாற்ற இடமுண்டு என்று அறிவிக்கப்பட்டது. உயரத்தையும் செலவையும் ஏடுகள் விரிவாக எழுதின. அம்மாடிகளில் குடியேறுவோர் யார், எந்த உரிமையோடு குடியேறுகிறார்கள் என்னும் வினாவை எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

குத்தகை என்ற சொல்லுக்கு இம்மண்ணில் நீண்ட போராட்ட வரலாறு உண்டு. 1957 ஏப்ரல் 5 அன்று பொறுப்பேற்ற தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவை, ஆறே நாளில் குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறை ஒழிந்தது. ஜன்மிக்குப் பாட்டம் அளந்தவர் உழுத நிலத்துக்கு உரியவரானார். குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற மண்ணுக்கு உரிமை பெற்றார். அன்று குத்தகைதாரர் என்றால் எளியவர், சட்டத்தின் காப்பு வேண்டியவர் என்றே பொருள்.

கோபுரத்தில் இப்பொருள் தலைகீழாகிவிட்டது. அங்கே வாடகைதாரர் பன்னாட்டு மூலதனம். நாஸ்காம் கணக்கின்படி 2024இல் இந்தியாவில் 1,700க்கு மேற்பட்ட உலகத் திறன் மையங்கள் இயங்கின. அவற்றில் 19 இலட்சம் பேர் பணிபுரிந்தனர். இந்த வாடகைதாரர்களைத் தம் பக்கம் இழுக்க மாநில அரசுகள் சலுகைகளை அடுக்கிப் போட்டியிடுகின்றன.

அச்சலுகைகளுக்கு ஈடாகக் கிடைத்தது என்ன? இதே காக்கநாட்டின் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தைப் பாருங்கள். துபாயின் டீகாம் நிறுவனத்துக்கு 246 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது; 90,000 வேலைவாய்ப்புகள் உறுதியளிக்கப்பட்டன. உறுதிமொழி நிறைவேறவில்லை. 2024 டிசம்பரில் டீகாமுடன் உறவை முடித்து நிலத்தைத் திரும்பப் பெறக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது. நிலத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டென்றால், நிலத்தைக் கொடுக்கும்போதே நிபந்தனை விதிக்கும் உரிமையும் உண்டு.

எதற்கான நிபந்தனை? கோபுரத்தில் கணினிமுன் அமர்ந்திருப்போர் மட்டும் இல்லை. வாயிலில் காவலாளி, மாடிதோறும் தூய்மைப் பணியாளர், கேண்டீனில் பரிமாறுவோர், மின்தூக்கியையும் குளிர்சாதனத்தையும் பார்த்துக்கொள்வோர் எனப் பலர் உள்ளனர். இவர்களுக்குச் சம்பளம் தருவது ஓர் ஏஜென்சி. அதை அமர்த்தியது பராமரிப்பு நிறுவனம். அந்நிறுவனத்தை அமர்த்தியவர் கட்டட உரிமையாளர் அல்லது வாடகைக்கு வந்த கம்பெனி. கூலி குறைந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவர். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. மோடி அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்திய தொகுப்புச் சட்டங்கள் அந்த எண்ணிக்கையை 50ஆக உயர்த்திவிட்டன. இனி ஒப்பந்தத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் போதும்.

இது தொலைநகரத்துச் செய்தி என்று மூணாறிலோ கொழிஞ்சாம்பாறையிலோ உள்ள தோழர் எவரும் ஒதுக்க முடியாது. கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத் தொழிலாளியின் லயம் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கியது. லயத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்க்கு ஒரு சென்ட் மண்ணும் வந்து சேரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோது 70 பேரை இழந்தோம். தாய்க்கு லயத்தின்மேல் உரிமையில்லை. கோபுரத்துக்குப் போகும் மகளுக்கோ, தான் யாரிடம் வேலை செய்கிறோம் என்பதே உறுதியில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்க வேண்டும். அரசு நிலமோ அரசுச் சலுகையோ பெற்ற கட்டடம் எதுவாயினும், அதன் கூரைக்குக் கீழ் உழைக்கும் ஒவ்வொருவரின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் உரிமையாளரும் வாடகைதாரரும் கூட்டாகப் பொறுப்பு என்று குத்தகை ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். ஏஜென்சி மாறினாலும் பணியாளரின் வேலையும் பணிமூப்பும் தொடர வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையைத் தடுப்பவர்க்குச் சலுகை நிறுத்தப்பட வேண்டும்.

இப்படிக் கேட்டால் கம்பெனிகள் பெங்களூருக்குப் போய்விடும் என்பர். கேளாத இடத்திலும் 90,000 வேலைகள் வரவில்லையே! காவலாளியின் கூலி உயர்வுக்கு அஞ்சி ஓடும் கம்பெனி, அடுத்த சலுகை வேறிடத்தில் கிடைத்தாலும் ஓடத்தான் செய்யும்.

நமக்கும் ஒரு பணி உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர் போனசுக்காகத் திரண்டபோது, நிர்வாகத்தோடு சங்கத் தலைமைகளையும் சேர்த்தே கேள்வி கேட்டனர். கோபுரத்திலிருந்தும் அக்கேள்வி எழும்வரை காத்திருக்கலாகாது. எல்லைப்புறக் கிளைகள் தம் பகுதியிலிருந்து எந்தக் கட்டடத்துக்கு எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுத்து, கொச்சி, கோயம்புத்தூர்த் தொழிற்சங்கத் தோழர்களிடம் சேர்க்கட்டும். கம்பெனிவாரியாகப் பிரிந்து கிடப்போரைக் கட்டடவாரியாகத் திரட்டும் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.