இறந்த நிரலின் எண்

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் லினக்ஸ் கெர்னல் ஓர் எண் தருகிறது. நெடுங்கால வழக்கப்படி உச்சவரம்பு 32,768. அதைத் தொட்டதும், முடிந்துபோன நிரல்களின் எண்கள் புதியவற்றுக்குப் போகின்றன. ஒன்றை நிறுத்தச் சொல்லி எண்ணைக் கொடுத்தால், அதற்குள் அந்த எண்ணைப் பெற்றுவிட்ட வேறொன்று பலியாகலாம். வரம்பை உயர்த்தினால் போதாதா? 64 பிட் கணினிகளில் சுமார் 42 லட்சம் வரை உயர்த்தலாம்தான். ஆபத்து அரிதாகும், அகலாது. அரிதான பிழையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

ஆகவே, 2019இல் வந்த 'பிஐடிஎஃப்டி' ஏற்பாடே சரி. அது எண்ணை அல்ல, குறிப்பிட்ட நிரலையே பற்றும் கைப்பிடி. நிரல் முடிந்திருந்தால் கட்டளை பிழையோடு திரும்பும், அப்பாவி நிரல் சாகாது. பழைய மென்பொருள்கள் எண்ணையே நம்பியிருக்கின்றன என்பது உண்மை. அவற்றுக்காக எண் நீடிக்கட்டும். ஆனால் எண்ணைக் காட்டிக் கைப்பிடி வாங்கும்போதும் அதே ஆபத்து எட்டிப்பார்க்கும். நிரலைப் பிறப்பிக்கும் கணத்திலேயே கைப்பிடியைப் பெறுவதைப் புதிய மென்பொருள்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.