கல்லாவில் விழும் விசித்திரக் காசுகள்

புதுவைக் கடைகளில் சில காலமாக இரண்டு வழக்கங்களைக் காண்கிறோம். 10 ரூபாய் நாணயத்தை நீட்டினால் ‘செல்லாது, நோட்டாகக் கொடுங்கள்’ என்று திருப்பிவிடுவது ஒன்று. முத்திரை நகர்ந்த காசு ஏதாவது கல்லாவில் விழுந்தால் ‘லட்சத்துக்குப் போகுமாம்’ என்று முடிந்து வைத்துக்கொள்வது மற்றொன்று. நல்ல காசைத் தள்ளிவிட்டுச் சந்தேகக் காசைப் போற்றுவது வியாபாரிக்கு அழகல்ல.

10 ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருப்பதாகவும், அனைத்தும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ரூபாய்க் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுத்துக் கடன் தீர்க்கலாம் என்று 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கூறுகிறது. வடிவம் மாறியிருப்பதால் மட்டும் ஒரு காசு போலியாகிவிடாது. அதைப் பிழைக் காசு என்றும் சொல்ல முடியாது.

உண்மையான பிழைக் காசுகளும் உண்டு. நாணயச்சாலையில் தகடு விலகினால் முத்திரை ஒரு பக்கம் ஒதுங்கும். முன் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் உருவம் குழிந்து தலைகீழாக விழும். இத்தகையவற்றைச் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அச்சுத் தேய்ந்து எழுத்து மங்கிய காசுக்கும், புழக்கத்தில் அடிபட்ட காசுக்கும் முகமதிப்புதான்.

இந்த ஆசையை நம்பிப் பட்டறையில் பிழை ‘தயாரிப்பவர்கள்’ இருக்கிறார்கள். இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்குவார்கள். அப்போது புதிய குழிவுக்கு அடியில் பழைய முத்திரை நசுங்கிக் கிடக்கும். 10 ரூபாயின் நடு வில்லையைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்துவார்கள். சேரும் இடத்தில் கீறல் தெரியும். ஓரத்தை அரத்தால் அராவுவார்கள்; வெட்டு பளபளக்கும், எழுத்து பாதியில் அறுந்து நிற்கும். நாணயச்சாலையிலேயே ஓரம் குறைந்து வந்த காசில் வெட்டுக்கு அருகே எழுத்து இழுபட்டிருக்கும், எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். மூட்டையில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் நம் கண்ணுக்கு இது பெரிய காரியமல்ல. உருக்குலைத்த காசு சட்டப்படி செல்லாது என்பதால், ஏமாந்தவருக்கு முகமதிப்பும் மிஞ்சாது.

பிரெஞ்சுக்காரர் 1736இல் ஆற்காட்டு நவாபிடம் உரிமை பெற்று நம் ஊரில் ரூபாய் அடித்தார்கள். அக்காலத்தில் சுத்தியலால் கையடியாக அடித்தார்கள். அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகவே அந்த வெள்ளிக் காசில் முத்திரை முழுமையாக விழாதது இயல்பு. ‘அபூர்வப் பிழை’ என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து தொலைபேசியில் வருகிறது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய், 10 ரூபாய் காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று பணம் பறிக்கிறார்கள். அந்தக் காசு பிழையால் வந்ததே அல்ல. அரசு வெளியிட்ட நினைவு நாணயம். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. தன் பெயரையும் சின்னத்தையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதையும் சுட்டிக் காட்டியது. வாங்குகிறவன் பணம் கொடுப்பான்; விற்கிறவனிடம் முன்பணம் கேட்கிறவன் வாங்க வந்தவனல்ல. நமக்குத் தெரிந்த இந்தக் கணக்கைக் கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஏமாறுவதில் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஆகவே வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. 10 ரூபாய் நாணயத்தை மறுக்காமல் வாங்குங்கள், மறுக்காமல் கொடுங்கள். விசித்திரக் காசு கிடைத்தால் தேய்க்காமல், கழுவாமல் தனியே வையுங்கள். விவரம் தெரிந்த இருவரிடமாவது நேரில் காட்டுங்கள். அதற்காக ஒரு ரூபாயும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பேராசை பெருநஷ்டம் என்பது நம் தொழிலுக்கென்றே சொன்ன சொல்.