வீட்டு வாடகையா? ஜாதி விசாரணையா?

பழவேற்காட்டுக் குப்பத்துத் தோழர் ஒருவர் தமது தகப்பனாரைச் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்குச் சேர்க்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினந்தோறும் பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலேறிப் போய்த் திரும்ப முடியுமா? இரண்டு மாதத்துக்கு ஓர் அறை வேண்டும். கையில் பணமும் இருக்கின்றது. ஆனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது பணத்தையல்ல, "நீங்க என்ன ஆளுங்க?" என்பதைத்தான். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் போனால் சில வீடுகளில் அந்தக் கேள்வியும் மிச்சம். "சைவம் மட்டும்" என்று பலகையே சொல்லிவிடும். அதையும் தாண்டினால், ஆடியில் குடி வரக்கூடாதாம்! வியாதிக்கு ஆடி தெரியுமா?

பழவேற்காட்டு இறால் சென்னைக்குப் போகலாம். பிடித்தவன் மட்டும் அங்கே தங்கக்கூடாது.

சைவம் என்பது வயிற்றைப் பற்றிய சங்கதியானால் நமக்கு ஆட்சேபணை இல்லை. "நான் மீன் சமைக்கவில்லை, ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் அறை இல்லையென்றால், நாற்றம் மீனிலா இருக்கின்றது?

சட்டம் என்ன செய்கின்றது? அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஹோட்டல்களில் ஜாதி பார்த்துத் தடுப்பதை விலக்குகின்றது. வாடகை வீட்டைப் பற்றி அதில் பேச்சில்லை. 2017-இல் நிறைவேறி 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கின்றது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய என்று ஒரு சந்தும் வைத்திருக்கின்றது. ஜாதி கேட்டு மறுப்பதைப் பற்றி மூச்சே இல்லை. 2005-இல் சுப்ரீம் கோர்ட்டோ, அகமதாபாத் பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் பார்சிகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

"என் வீடு, என் இஷ்டம்" என்பார்கள். 1957-இல் திருவல்லிக்கேணி ஹோட்டல் பலகையில் "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கியபோதும், என் ஹோட்டல் என் இஷ்டம் என்றுதானே சொன்னார்கள்? அடுத்த ஆண்டு அந்த எழுத்துப் போயிற்று. அமெரிக்காவிலும் வீடு சொந்தக்காரனுடையதுதான். ஆயினும் நிறத்தையும் மதத்தையும் காட்டி வாடகைக்கு மறுப்பதை 1968-லேயே அங்கே சட்டவிரோதமாக்கினார்கள். அப்படி ஒரு பிரிவை நமது வாடகைச் சட்டத்தில் சேர்க்கச் சட்டசபை அங்கத்தினர்களுக்கு என்ன கஷ்டம்?

நிற்க. சென்னையைத் திட்டுவது சுலபம். பொன்னேரியில் வாடகை அறை வைத்திருக்கும் நமது தோழர்களைக் கேட்கின்றோம்: ஓர் இருளர் குடும்பம் அட்வான்ஸோடு வந்து உங்கள் வாசலில் நின்றால், நீங்கள் சாவியை எடுப்பீர்களா, அல்லது "நேத்துதான் ஒருத்தர் பேசிட்டுப் போனார்" என்பீர்களா?