வினாவைப் பிள்ளையிடம் விடுங்கள்

மாணவர் தாமே முன்னின்று நடத்தும் தொழில்நுட்பச் செயற்றிட்டம் என்ற பெயரில் பாடசாலைக் கண்காட்சிகளில் எத்தனையோ பொருள்களைக் காண்கிறோம். மின்குமிழ் எரிகிறது, சிறு யந்திரம் சுழல்கிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். ஆயினும், அருகே நிற்கும் பிள்ளையை நோக்கி, "இதை ஏன் செய்தாய், தம்பி?" என்று வினவினால் விடை பிறப்பதில்லை. கருத்து ஆசிரியருடையது; பாகங்களை வாங்கியவர் தகப்பனார்; விளக்கவுரையை மனனஞ் செய்ததே பிள்ளையின் பங்கு. செயற்றிட்டத்தின் உயிர் அதன் திட்டமிடலிலே இருக்கிறது என்பதும், தீர்க்கவேண்டிய வினாவைத் தெரிவதே அத்திட்டமிடலின் முதற்படி என்பதும் என் கருத்து. அம்முதற்படியைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால், மாணவருக்கு எஞ்சுவது கைவேலை ஒன்றே.

அண்மைக்காலத்துச் சிறந்த முயற்சியொன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். இந்தியாவின் 75 பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்ட 'ஆசாதிசாட்' என்னும் செய்மதி, 2022 ஆகஸ்ட் 7ஆந் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நிறுவனம் அவர்களை வழிநடத்தியது. மதுரையை அடுத்த திருமங்கலத்து அரசினர் பாடசாலை மாணவிகளும் அவர்களுள் இருந்தனர். புதிய ரொக்கெட்டின் உணர்கருவியில் நேர்ந்த கோளாறினாற் செய்மதி உரிய பாதையை எய்தாது வீணாயிற்று. முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. 2023 பெப்ரவரி 10ஆந் திகதி ஆசாதிசாட் 2 வெற்றியுடன் விண்ணை அடைந்தது. தோல்விக்கும் இடம் வைத்துத் திட்டமிட வேண்டும் என்ற பாடத்தை எந்தப் புத்தகம் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும்? எனினும், செய்மதி செய்வது என்ற முடிவு பெரியவர்களுடையது. விண்வெளி முயற்சியில் அது தவிர்க்க முடியாதது. நம் ஊர்ப் பாடசாலைக்கோ அந்நிர்ப்பந்தம் இல்லை.

நான் வாழும் மட்டக்குளியையே எடுத்துக்கொள்ளுங்கள். களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் இது. 2016 மே மாதத்திலும், டித்வாப் புயல் வீசிய 2025 நவம்பரிலும் களனி பெருகிக் கரையோர மக்களை வருத்தியது. புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிட்டவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. மேலே ஹங்வெல்லயிலும் நமக்கு அண்மையில் நாகலகம் வீதியிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மட்டத்தை அளக்கிறது. அவ்வெண்கள் ஒழுங்கையில் வாழும் ஆச்சிக்கு என்ன பொருளைத் தருகின்றன? இவ்வினா நம் பிள்ளைகளுக்குச் சொந்தமானது. வெள்ளத்திற் புத்தகப்பையை இழந்தவர்கள் அவர்களே.

இதனை அவர்கள் எவ்வாறு திட்டமிடுவர்? முதலில் வீடு வீடாகச் சென்று, தண்ணீர் எங்கே முதலில் ஏறியது, சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று முதியோரைக் கேட்டுக் குறிப்பர். அடுத்து, நாகலகம் வீதி அளவுக்கும் அச்சுவர்க் குறிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வர். செய்தி யாருக்கு, எம்மொழியில், எவ்வழியாகச் சேரவேண்டும்? மின்சாரம் நின்றால் என் செய்வது? பொய் எச்சரிக்கை எழுந்தால் யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை கண்டபின்னரே கருவியைப் பற்றிய பேச்சு. ஒருவேளை, கருவியே வேண்டாம், மும்மொழிப் பலகையும் ஒலிபெருக்கியும் போதும் என்றுகூட அவர்கள் முடிவுசெய்யலாம். அம்முடிவும் தொழில்நுட்ப அறிவேயாகும்.

ஆசிரியருக்கு இங்கு வேலையில்லை என்று எவரும் கருதவேண்டாம். பிள்ளைகளை ஆற்றங்கரை ஆபத்திலிருந்து காப்பதும், அதிகாரிகளிடம் அழைத்துச் செல்வதும், அரசின் எச்சரிக்கைக்கு இது துணையேயன்றி மாற்றன்று என்பதை உணர்த்துவதும் அவர் கடமை. விடையைத் தாமே சொல்லிவிடாது பொறுத்திருப்பது அவற்றினும் கடினமான கடமை.

பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பர். உயர்தரத்தில் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப்பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. வினாவே எழுப்பத் தெரியாத மாணவர் அப்பிரிவிற் சேர்ந்து எதனைச் சாதிப்பர்?

அதிபர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த தவணைச் செயற்றிட்டத்தின் முதல் இரு வாரங்களிலும் ஒரு கம்பியும் வாங்காதீர்கள். மாணவர் கையிற் குறிப்பேட்டைக் கொடுத்து ஊருக்குள் அனுப்புங்கள். எதைச் செய்வது என்பதை அவர்களே திரும்பிவந்து உங்களுக்குச் சொல்லட்டும்.