பாத்திரம் துடைக்காத ஊர்

டிசம்பரில் ஹெல்சிங்கிக்குப் போகிறேன் என்றதும், ‘கோடையில் போகக் கூடாதா?’ என்று கேட்காத ஆளில்லை. ஃபின்லாந்துக்காரர்களின் வடிவமைப்பைப் பார்க்கக் குளிர்காலம்தான் சரி என்பது என் கட்சி. அவர்களுடைய நாற்காலியும் விளக்கும் ஜன்னலும் எதைச் சமாளிக்கப் பிறந்தனவோ, அது அப்போதுதான் வாசலில் வந்து நிற்கும். காலை ஒன்பதரைவாக்கில் எட்டிப்பார்க்கும் சூரியன் மாலை மூன்றேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடுகிறது. அதுவும் மேகம் மனசு வைத்தால்.

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அல்வர் ஆல்ட்டோ. துர்க்கு நகரத்துக்குப் பக்கத்தில் பைமியோ என்ற இடத்தில் அவர் வடிவமைத்த காசநோய் மருத்துவமனை 1933இல் திறக்கப்பட்டது. காசநோய்க்கு மருந்து வராத காலம். வெயிலும் காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். கட்டடம் முழுவதையும் படுத்திருப்பவரின் கண்ணால் யோசித்திருக்கிறார் மனிதர். நாளெல்லாம் மல்லாந்து கிடப்பவர் பார்ப்பது மேற்கூரையைத்தானே? ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத நிறம். விளக்கு அவர் பார்வையில் நேராகப் படாத இடத்தில். அறைக்கு இரண்டு பேர். ஒருவர் கை கழுவும் சத்தத்தில் மற்றவர் விழித்துக்கொள்ளக் கூடாதென்று, தண்ணீர் சாய்வாக விழும்படி பீங்கான் தொட்டி. ஐரோப்பாவில் அப்போது எஃகுக் குழாய் நாற்காலிதான் நாகரிகம். ஆல்ட்டோ பிர்ச் மரத்தை வளைத்தார். எஃகு உடம்பில் பட்டால் சில்லிடும், மரம் சில்லிடாது. முதுகுச் சாய்வைக்கூட நோயாளி சிரமமில்லாமல் மூச்சு விடுவதற்கேற்ப வைத்தார்.

அவருடைய மூன்று கால் ஸ்டூலும் 1933இல் வந்ததுதான். பிர்ச் கட்டையின் நுனியை நீளவாக்கில் பல கீற்றாக அறுத்து, இடையிடையே மெல்லிய மரத்தகடுகளைப் பசையோடு செருகி வளைக்கிறார்கள். நம் ஊர் ஆசாரிக்குக் காட்டினால் ரசிப்பார். எளிய மனிதர்களுக்கென்று செய்த அந்த ஸ்டூலின் இன்றைய விலையைக் கேட்டால் நின்றுகொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

மரிமெக்கோ என்ற துணிக் கம்பெனியின் கடைக்கும் போனேன். பூப்போட்ட துணியே வேண்டாம் என்று முதலாளியம்மா அர்மி ராத்தியா சொல்லியிருந்தும், 1964இல் மாயா இசோலா வரைந்த பெரிய பாப்பிப் பூக்கள்தான் இன்றுவரை அந்தக் கம்பெனியின் முகம். வெளியே எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னை அசத்தியது எந்தக் கடையிலும் இல்லை. ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊரான எஸ்போவில் தங்கை மகள் வீட்டில் தங்கியிருந்தேன். சாப்பாடு முடிந்ததும், உதவுகிறேன் பேர்வழி என்று கழுவிய தட்டைத் துடைக்கத் துணி தேடினேன்.

“துடைக்காதீங்க மாமா. அப்படியே மேல அலமாரில சொருகிடுங்க.”

திறந்தால் அலமாரிக்கு அடிப்பலகையே இல்லை. வரிசையாகக் கம்பித் தட்டுகள். ஈரம் நேராகக் கீழேயுள்ள ஸிங்க்கில் சொட்டுகிறது. கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. இதை அந்த நாட்டில் பரப்பியவர் மாயு கெப்ஹார்ட். வேலைத்திறனை ஆராயும் நிறுவனம் ஒன்றில் வீட்டுப் பணிகள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர். பாத்திரம் கழுவித் துடைப்பதிலேயே பெண்களின் ஆயுளில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, 1944-45இல் இந்த அலமாரியை உருவாக்கினார். இன்று இது இல்லாத சமையலறை அங்கே அபூர்வம். ஆல்ட்டோ வடிவமைத்த பூச்சாடியைப் புகழ்ந்து எழுதிய மையில் கால்வாசியையாவது இந்த அம்மாளுக்குச் செலவழித்திருக்கலாம்.

இன்னொன்று, கோட்டிலிருந்து கயிற்றில் தொங்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லை. கார் விளக்கு பட்டால் வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். நடக்க நடக்க அது ஆடுவதால் ஓட்டுநருக்குச் சட்டென்று தெரியும். இருட்டில் நடப்பவர் இதை அணிவது அங்கே வழக்கம். பனித்துகள், வாத்து, ஆந்தை என்று எத்தனையோ வடிவங்கள். என் கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே தங்கை மகள் ஒன்றை மாட்டிவிட்டாள்.

ஊருக்கு வரும்போது பூச்சாடி வாங்கவில்லை. வில்லைகளை ஒரு பை நிறைய அள்ளிவந்தேன். தை பிறந்ததும் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிய பெரியப்பா மகனிடம் ஆந்தை ஒன்றை நீட்டினேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எதுக்குடா தம்பி? வழியில போலீஸ்காரங்களே முதுகுல ஒளிர்ற ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாங்களே!”