சாயத்துக்கு முன் சுத்தியல்

பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கும் தோட்டத்து அன்பர்களே! சாயம் பூசுமுன் சற்றே பொறுங்கள். 1971 முதல் 1985 வரை வெளிவந்த மூன்றாம் சீரிஸ் வண்டிக்கு மேற்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவை, இரும்பைப்போல் துருப்பிடிக்காது. தாங்கி நிற்கும் சேசிஸ்தான் இரும்பு. உள்ளே கூடாக இருப்பதால் சேறு புகுந்து, நீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். துரு உள்ளிருந்தே தின்னும்.

நானும் முதலில் சாயத்துக்குத்தான் வெள்ளியைக் கொட்டினேன்! பிறகே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் கணீரென்றது. பின் ஸ்பிரிங் மாட்டிய இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. அந்த வண்டியில்தான் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வந்தேன்!

துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஓட்டை கண்டால் தகரத்தால் மூடி மறைக்காதீர்கள். வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதுவரை பிள்ளைகள் நடந்தே போகட்டும்.