'புக் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க'.. நேரடி விற்பனையில் இறங்கும் எழுத்தாளர்கள்.. கணக்கு கட்டுப்படி ஆகுமா?

ஃபேஸ்புக்கில் ஒரு அட்டைப்படம், அதற்குக் கீழே ஜிபே எண், கூடவே "புக் வேணும்னா வாட்ஸ்அப்ல அட்ரஸ் அனுப்புங்க" என்று ஒரு வரி. சொந்தமாகப் புத்தகம் போடும் தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு இப்போது கடை என்பது இவ்வளவுதான். பதிப்பகம் இல்லை, விநியோகஸ்தர் இல்லை, புத்தகக் கடையும் இல்லை.

"நடுவுல இருக்கிறவங்களுக்குப் போற காசு மிச்சம்" என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகிறது? அதற்கு எழுத்தாளர் என்ன விலை கொடுக்கிறார்? பார்க்கலாம்.

300 ரூபாய் புத்தகத்தில் எழுத்தாளருக்கு எவ்வளவு?

பதிப்பகம் வழியாக வந்தால், வழக்கமான 10 சதவீத ராயல்டி கணக்கில் ஒரு பிரதிக்கு 30 ரூபாய். ஆனால் அச்சுச் செலவு, கிடங்கு, விற்பனை எல்லாமே பதிப்பகத்தின் தலைவலி.

எழுத்தாளரே அச்சடித்தால் என்ன ஆகும்? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 500 பிரதிகள், ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 120 ரூபாய் என்றால் மொத்த முதலீடு 60,000 ரூபாய்.

கடை வழியாக விற்றால்: கடைக்கு 35 சதவீதக் கழிவு போக, பிரதிக்கு 195 ரூபாய் கைக்கு வரும். போட்ட பணத்தை எடுக்க 308 பிரதிகள் விற்க வேண்டும்.

நேரடியாக விற்றால்: வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி 30 ரூபாய், தபாலும் பேக்கிங்கும் 45 ரூபாய் போக, 225 ரூபாய் வரும். 267 பிரதிகள் விற்றால் முதல் திரும்பிவிடும்.

வித்தியாசம் வெறும் 41 பிரதிகள். 500 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தால்கூட நேரடி விற்பனையில் கூடுதலாகக் கிடைப்பது 15,000 ரூபாய்தான். அதாவது ஒரு பார்சலுக்கு 30 ரூபாய்.

அந்த 30 ரூபாய்க்காக எழுத்தாளர் முகவரி எழுதணும், பார்சல் கட்டணும், தபால் ஆபீஸ் வரிசையில் நிற்கணும். "சார், இன்னும் புக் வரலையே" என்று வரும் மெசேஜுக்கும் பதில் சொல்லணும். இந்த உழைப்புக்கான கூலி மேலே போட்ட கணக்கில் எங்கேயும் இல்லை.

அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

நேரடி விற்பனையின் உண்மையான லாபம் சதவீதத்தில் இல்லை. இரண்டு வேறு விஷயங்களில் இருக்கிறது.

முதலாவது, பணம் எப்போது வருகிறது என்பது. கடைக்குக் கொடுத்த பிரதிகள் விற்று, கணக்கு முடிந்து, பணம் வர மாதக் கணக்கில் ஆகலாம். விற்காதவை திரும்பியும் வரலாம். வாசகர் நேரடியாக வாங்கும்போது பணம் முதலில் வருகிறது, புத்தகம் பிறகு போகிறது.

இரண்டாவது, யார் வாங்கினார் என்பது யாருக்குத் தெரியும் என்பது. கடையில் ஒருவர் புத்தகம் வாங்கினால், அவர் மதுரைக்காரரா, மார்த்தாண்டத்துக்காரரா என்பது எழுத்தாளருக்குத் தெரியாது. அடுத்த புத்தகம் வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

கிண்டிலிலும் இதே கதைதான். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குக் கிண்டில் கதவு திறந்தது. அச்சுச் செலவே இல்லை. இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது. இல்லையென்றால் 35 சதவீதம்தான். எதில் சேர்ந்தாலும், புத்தகத்தை வாங்கியவர் யார் என்பது அமேசானுக்குத்தான் தெரியும். எழுத்தாளருக்குக் கிடைப்பது எண்ணிக்கையும் பணமும் மட்டுமே.

ஒரே மாதத்தில் 4 கோடி டாலர்.. எப்படி?

நேரடி விற்பனை என்றதும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் பெயர், அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன். 2022 மார்ச்சில் தன்னுடைய 4 நாவல்களை கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பதிவுக்கு வைத்தார். இலக்கு 10 லட்சம் டாலர். மாத முடிவில் வந்தது சுமார் 4.17 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய்க்கு மேல். பணம் கட்டியவர்கள் 1,85,341 பேர்.

இந்த யோசனைக்கு விதை விழுந்தது 2010-ல். மின்னூல் விலை தொடர்பாக மேக்மில்லன் பதிப்பகத்துக்கும் அமேசானுக்கும் மோதல் வந்தது. மேக்மில்லன் புத்தகங்களின் 'வாங்கு' பட்டனையே அமேசான் தற்காலிகமாக எடுத்துவிட்டது. அந்தக் குழுமத்தின் டோர் நிறுவனம் வெளியிட்ட சாண்டர்சன் புத்தகங்களும் அதில் மாட்டின. ஒரே கடையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குப் புரிந்தது.

ஆனால் இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அவருடைய முதல் நாவல் வெளியானது 2005-ல். 17 வருடங்களாகச் சேர்த்த வாசகர்கள்தான் அந்த ஒரு மாதத்தில் திரண்டு வந்தார்கள். அதற்கு முன்பே, 2020-ல், ஒரு நாவலின் தோல் அட்டைப் பதிப்பை இதே தளத்தில் விற்றுப் பார்த்திருந்தார். இன்னொன்று, முன்பதிவு செய்தவர்களுக்கு அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. அதே நாவல்கள் டோர் பதிப்பகம் வழியாகக் கடைகளுக்கும் போயின.

இது நமக்குப் புதுசா?

இல்லை. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே பலரிடம் 'கையொப்பம்' வாங்கித்தான் அச்சு வேலையில் இறங்கினார். இன்று பதிப்பகங்கள் 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று அறிவிப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

எல்லோருக்கும் இது கைகூடியதும் இல்லை. 1920-ல் கடையத்தில் இருந்த பாரதியார், தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக வெளியிடத் திட்டமிட்டு, பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

தபால் செலவு என்ன ஆச்சு?

நேரடி விற்பனையின் உயிர் தபாலில் இருக்கிறது. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவுத் தபாலாக அனுப்பும் வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் தவித்துப்போனார்கள். பிறகு 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பார்சல் எங்கே இருக்கிறது என்று டிராக் செய்யலாம். தரைவழியில் போவதால் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

இதனால் புத்தகத்தின் எடையும் கணக்கில் வருகிறது. பேக்கிங்கோடு சேர்த்து 300 கிராமைத் தாண்டினால் அடுத்த கட்டணம். கனமான தாளும் கெட்டி அட்டையும் அழகுதான், ஆனா தபால் ஆபீஸ் தராசு அதைப் பார்க்காது.

இறங்கும் முன் யோசிக்க வேண்டியவை

அச்சுக்கு முன் பட்டியல்: 500 அடித்துவிட்டு வாசகரைத் தேடுவதற்குப் பதில், முன்பதிவு 120 வந்தால் 150 அடிக்கலாம். குறைந்த எண்ணிக்கையில் பிரதிக்கான செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கட்டிலுக்கு அடியில் புத்தகக் கட்டுகள் தேங்காது.

தேதியில் கறார்: முன்பணம் வாங்கிவிட்டு மாதக் கணக்கில் இழுத்தடித்தால், அந்த வாசகர் அடுத்த முறை வரமாட்டார். தாமதம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் மட்டும் போதாது: சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். மின்னஞ்சல் முகவரியும் வாங்கி வைப்பது பாதுகாப்பு. அந்த விவரங்களை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஐ.எஸ்.பி.என். எண்: இந்தியாவில் இதை அரசே இலவசமாகத் தருகிறது. சொந்தமாகப் பதிப்பிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். கடைக்கும் நூலகத்துக்கும் போக இது உதவும்.

கடையை விட்டுவிட வேண்டாம்: எழுத்தாளரை ஏற்கெனவே தெரிந்தவர்தான் ஜிபே எண்ணைத் தேடி வருவார். தெரியாதவர் கையில் அந்தப் புத்தகம் தற்செயலாகக் கிடைப்பது கடையிலும் புத்தகக் காட்சியிலும்தான். அங்கே போகும் 35 சதவீதத்தைப் புது வாசகரைக் கண்டுபிடிக்கும் செலவாகப் பார்க்கலாம்.

ஆக, முதல் புத்தகத்தில் நேரடி விற்பனை பெரிய பணம் தராது. 200 பேரின் பெயரும் முகவரியும் தரும். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது புத்தகத்துக்கும் பணம் அனுப்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்த வழி கட்டுப்படி ஆகுமா, ஆகாதா என்பது தெரியும்.